தூதுப் பாடத்தில் தோற்ற அப்பா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்றால் எனக்கு அதுவே போதும். என் இடைக்கால இலக்கிய வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய், அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல. பழைய தூது நூல்களைப் படித்து யாருக்கு வேலை கிடைக்கும் என்று எங்கள் கல்லூரி முதல்வர் பாடத்தையே மூடப் பார்த்தார், பிறகு பெரிய மனது பண்ணி, பெயரைத் 'தகவல் தொடர்பு மேலாண்மை' என்று மாற்றினால் பிள்ளைகள் வருவார்கள் என்றார். மாற்றினேன், வந்தார்கள், தலைவி கிளியிடம் பேசத் தொடங்கியதுமே பாதிப் பேர் கணக்கியலுக்கு ஓடிவிட்டார்கள். வகுப்பு நடத்தத் தேவையான எண்ணிக்கைக்கு ஒரு தலை குறைந்தது, தபால் பிரிப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வீட்டில் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்த உன் அப்பாவைச் சேர்த்துவிட்டேன்.

தேர்வில், தலைவி மேகத்தைத் தூது விடுவதன் நயம் கூறுக என்று கேட்டிருந்தேன். மேகத்துக்கு முகவரி தெரியாது, சேர்த்ததற்குக் கையெழுத்து வாங்க வழியில்லை, ஆகவே தவறு தலைவியுடையது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார் மனிதர். போய்ச் சேராது என்று தெரிந்தும் சொல்லாமல் இருக்க முடியாததுதான் தூது என்று வருடம் முழுக்கத் தொண்டை வற்றக் கத்தியது வீண். ஃபெயில் போட்டேன். அதுதான் பாடத்தைக் காப்பாற்றியது, தோற்றவர் ஒருவர் இருந்தாலும் அடுத்த வருடமும் பாடம் நடத்தியாக வேண்டும் என்று தேர்ச்சியைக் கூட்ட முதல்வரே போட்ட விதி இருக்கிறது. ஆனால் உன் அப்பாவுக்கு ரோஷம், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டார். முதல்வர் வீடு தேடி வந்து, "போடுங்க சார், நியாயம் உங்க பக்கம்தான்" என்று தூபம் போட்டுவிட்டுப் போனார். அப்பா பாஸானால் என் வகுப்பு போய்விடும், அதை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்று காலை காபி குடித்துக்கொண்டே அப்பா விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "வீட்ல நீ என்கிட்ட இவ்வளவு நேரம் பேசினதே இல்ல, இன்னொரு வருஷம் உக்காந்து கேக்கிறேனே" என்றார்.

நீ நல்லபடியாக இரு, எல்லா நலமும் உன்னைச் சேரட்டும். அப்பாவிடம் பேசும்போது மட்டும், நன்றாகப் படிக்கச் சொல்லிவிடாதே.

உன் அம்மா