ரோசாவோடு சிங்க இறால் வாங்கினது

சனிக்கிழமை, இரவு

மகள் அபி கலியாணம் முடிந்ததும் மெக்சிகோவுக்குப் போய்விடுவாள். மாப்பிள்ளையின் ஊர் அங்கே ஒரு கடற்கரையில். அவருடைய தாய் ரோசா இப்போது சிட்னியில் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார். எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. இன்று அவரை மீன் சந்தைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் முதலில் காட்டிய சிங்க இறாலின் வால் தொய்ந்து தொங்கியது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகவே வேண்டாமென்று தலையாட்டினோம். பிறகு சிரித்துவிட்டோம். அடுத்த கடையில் வாலைச் சுருட்டி அடித்த ஒன்றை ரோசா கையிலிருந்து விடவேயில்லை.

சாப்பிடும்போது ரோசா ஏதோ சொன்னார்.

“அங்க விடிய வள்ளம் வரேக்க, தானே போய் நல்லதாப் பாத்து வாங்கித் தருவாவாம்,” என்றாள் அபி.

“உனக்கு ஓடு உடைக்கத் தெரியாது, சதையை எடுத்துக் குடுக்க வேணும் எண்டு சொல்லு.”

“அம்மா, எனக்கு இருபத்தெட்டு வயசு.”

அவள் அதை மொழிபெயர்க்கவில்லை. நான் வழக்கம்போல ஓட்டை உடைத்து, சதையை அவள் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தேன். ரோசா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பங்கையும் உடைத்து, பெரிய துண்டாக எடுத்து அபியின் கோப்பையில் வைத்தார்.

கன நாளைக்குப் பிறகு இன்று நித்திரை வருகிறது.