ஜாக்ருதி பாபியின் இன்ஹேலர்

மும்பை,
டிசம்பர் 6

அன்புள்ள ஜாக்ருதி பாபிக்கு,

ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. வீட்டில் எல்லோரும் நலம்தானே? ஒரு செய்தி. உங்கள் மருந்துக் கம்பெனியை வாங்க ஒரு பெரிய கை வந்திருக்கிறது. எந்த மருந்து விற்கிறது, சோதனையில் இருப்பவற்றில் எது தேறும் என்று அவர்களுக்காக மதிப்பிடும் வேலையை எங்கள் அலுவலகம் என்னிடமே தந்துவிட்டது. உங்கள் ஓரகத்தி என்று நான் மூச்சுவிடவில்லை. அப்பா பெயரைத்தானே போட்டுக்கொள்கிறேன், யாருக்குத் தெரியும்? உங்களுக்கு மார்க் போடும் வாய்ப்பை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

நேற்றுகூட நம் மாமியார் போனில், “ஜாக்ருதி ஊருக்கே மருந்து பண்றா. நீ என்னம்மா பண்றே, கம்ப்யூட்டர்ல கணக்குதானே?” என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

உங்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரையை இப்போது ஆளாளுக்குச் செய்கிறார்கள். விலை இறங்கிக்கொண்டே போகிறது. மிச்சம் உங்கள் ஆஸ்துமா இன்ஹேலர்தான். பார்க்கலாம்.

பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். ஆபீஸ் மெயில் வேண்டாம்.

பினிதா

அகமதாபாத்,
டிசம்பர் 14

அன்பு பினிதா,

மார்க்தானே, போடு. ஏசியில் உட்கார்ந்து அடுத்தவள் உழைப்புக்கு விலை சொல்ல உனக்கு என்னைப்போல் இரண்டு மடங்கு சம்பளம். எனக்கு மட்டும் எரியாதா?

வெளிநாட்டு மருந்துக்கு ஈடாக நம் இன்ஹேலர் மருந்து நுரையீரலில் இறங்குகிறது என்று காட்டவே என் இளமை போயிற்று. இப்போது கடைசிக் கட்டச் சோதனை. கம்பெனியில் பணம் தீர்ந்துகொண்டிருக்கிறது; வாங்க வருபவர்கள் விலகினால் எல்லாம் நின்றுபோகும். ரிக்‌ஷா ஓட்டும் ஒருவர் சொன்னார்: “ஜாக்ருதிபென், நீங்க குடுக்கறது பழசோ புதுசோ தெரியாது. ஆனா மூச்சு வாங்காம மாடி ஏறுறேன்.” அவர் இழுப்பது வெளிநாட்டு மருந்தா நம்முடையதா என்று எனக்கும் தெரியாது. சோதனை முடிந்தால்தான் தெரியும்.

எரிச்சலை என்மேல் காட்டு, மருந்தின்மேல் காட்டாதே. உத்தராயணப் பட்டத் திருவிழாவுக்கு வருவாய்தானே? உன் கையால் செய்த உந்தியுக் கறி மாதிரி எனக்கு வராது என்று இங்கே எல்லோரும் குத்திக்காட்டுகிறார்கள்.

ஜாக்ருதி

அகமதாபாத்,
ஜனவரி 9

பினிதா,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இன்ஹேலரை நிறுத்தச் சொல்லி நீ எழுதப்போவதாக இங்கே பேச்சு. நீ செய்யக்கூடியவள்தான். அதனால் நமக்குள்ள உறவைச் சொல்லி உன் மேலதிகாரிக்கு இன்று எழுதிவிட்டேன். வேறு யாராவது வந்து பார்க்கட்டும்.

ஜாக்ருதி

மும்பை,
பிப்ரவரி 2

பாபி,

என் வேலை போய்விட்டது. உறவை மறைத்தது என் தப்பு, அதற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வேறு யாரும் வந்து பார்க்கவில்லை. இதில் ஏதோ கள்ளம் என்று வாங்க வந்தவர்கள் விலகிக்கொண்டார்கள். சோதனையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு இதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும்.

உங்கள் கோப்புகளைக் குறை தேடித்தான் படித்தேன். கிடைக்கவில்லை. படிக்கப் படிக்க எரிச்சல்தான் ஏறியது. உங்களுக்குப் பதில் எழுதவும் பிடிக்கவில்லை. அறிக்கையில் நான் எழுதியது இதுதான்: ‘மாத்திரைகளுக்காக இந்தக் கம்பெனியை வாங்க வேண்டாம். இன்ஹேலருக்காக வாங்கலாம். அந்தச் சோதனையை நடத்தும் பெண்ணை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.’

உங்களை நான் மனமாரப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். யாரும் படிக்காமலே அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

பினிதா