திங்கட்கிழமை எந்தப் பள்ளி

மட்டாஞ்சேரி,
ஜனவரி 2, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஸ்நேஹா அப்பாவுக்கு,

பொன்மணி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே பிள்ளைகள் சுகமாக இருக்கிறார்கள் என்று நேற்று ஸ்நேஹாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஒரே கொச்சிக்குள், மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு காக்கநாட்டுக்குக் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் மூன்றாவது பேச்சிலேயே சண்டை வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் உங்கள் போன் பாதி நேரம் ஸ்நேஹா கையில்தான் இருக்கிறது. அவளுக்கு மலையாளம் மாதிரி தமிழ் ஓடாது. ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். மாடி வீட்டு சீதாலக்ஷ்மி அக்கா நாளைக்கு அங்கே கலெக்டரேட்டுக்கு வேலைக்கு வரும்போது இதை உங்கள் கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

வீட்டுக்காரர் புதன்கிழமை வந்தார். காலி செய்யப் போகிறீர்களா, இல்லையா என்று கேட்டார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அனுப்பினேன். பக்கத்துக் கிடங்கில் வற்றல் மிளகாய் மூட்டை இறங்கியிருக்கிறது, இரண்டு நாளாக ஒரே தும்மல். காலையில் ரத்தம் எடுக்கப் போகிற வீடுகளில் எல்லாரும் நம் சின்னவள் அதிதியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள், அதற்குப் பிறகுதான் கையை நீட்டுகிறார்கள். லோடிங் வேலை பார்க்கிற நவாஸ் தினமும் வாசலில் நின்று, மோளுக்கு எப்படி இருக்கு சேச்சி என்று கேட்காமல் போவதில்லை. சுகமாயிட்டுண்டு என்று சொல்லி அனுப்புகிறேன். அதற்கு மேல் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஏன் என்று பின்னால் எழுதுகிறேன்.

நேற்று நடந்ததற்கு வருகிறேன். பகல் பன்னிரண்டரைக்கு லேபிலிருந்து வருகிறேன், ஸ்நேஹா வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், வேறொன்றும் இல்லை. நீங்களும் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துத் தெருமுனை வரை எட்டிப் பார்த்தேன். பத்து வயதுப் பிள்ளை, அங்கே பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி மாமியிடம் கீழே விளையாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஃபோர்ட் கொச்சி பஸ்ஸில் ஏறித் தனியாக வந்திருக்கிறாள். கூட யார் என்று கண்டக்டர் கேட்டதற்கு, முன் சீட்டில் இருந்த யாரோ ஒரு பெண்ணைக் காட்டி அம்மா என்றாளாம்.

அப்புறம்தான் பையிலிருந்து என் போனை எடுத்துப் பார்த்தேன். உங்களிடமிருந்து பதினொரு மிஸ்டு கால். ரத்தம் எடுக்கிற நேரத்தில் சத்தத்தை அணைத்து வைப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குள் நீங்கள் லிஃப்ட் குழி, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தேடியிருக்கிறீர்கள். லிஃப்ட் மெக்கானிக்காக இத்தனை வருடம் இருந்த நீங்கள் அந்தக் குழிக்குள் எட்டிப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று ராத்திரி முழுக்க நினைத்தேன். மாமியைக் கோபிக்காதீர்கள். இந்த ஒரு வாரத்திலேயே நம் பிள்ளைகளைத் தன் பேத்திகள் மாதிரிப் பார்க்கிறவர் அவர். ஸ்நேஹா திட்டம் போட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள்.

அம்மா நினைப்பு வந்துவிட்டதாம் என்று போனில் சொன்னேன். அது பொய். நாலு மணிக்கு நீங்கள் வந்தீர்கள். வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. வாசலிலேயே நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

"பிள்ளையத் தூது விடுதியா?"

பதில் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். ஸ்நேஹா உங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எதற்கு வந்தாள் என்று எழுதுகிறேன். சோறு போட்டு வைத்தேன். தொடவில்லை. தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா, வர்ற புதன்கிழமை டாக்டர் என்கிட்ட கேட்டா, நான் உண்மையச் சொல்லவா, நீ சொன்னதச் சொல்லவா?"

எதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். தெரியாத மாதிரிதான் கேட்டேன்.

"பிரவுன் இன்ஹேலர் எண்பத்து நாலுலயே நின்னுச்சில்ல. நான் தினமும் பார்த்தேன்."

அதிதிக்கு இரண்டு இன்ஹேலர் இருப்பது உங்களுக்குத் தெரியும். நீலம், இழுப்பு வந்தால் கொடுப்பது. பிரவுன், இழுப்பு வராமல் இருக்கக் காலையும் மாலையும் கொடுப்பது. நன்றாக இருக்கிற நாளிலும் நிறுத்தக் கூடாது. இன்னும் எத்தனை தடவை பாக்கி என்று அதன் பின்பக்கம் எண் காட்டும். நவம்பர் பதினைந்தாம் தேதியிலிருந்து அந்தப் பிரவுன் மருந்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் தினமும் வேலை முடிந்து வந்து, பாப்பாவுக்கு மருந்து கொடுத்தாச்சா என்று கேட்பீர்கள். கொடுத்தாச்சு என்பேன். முப்பத்தேழு நாள் அப்படிச் சொன்னேன்.

மறந்துபோகவில்லை. யார் பேச்சையும் கேட்டுச் செய்யவில்லை. தீபாவளி கழிந்து நீங்கள் காக்கநாட்டு வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். தினமும் மருந்தை இழுத்தால்தான் என் பிள்ளை மூச்சு விட முடியும் என்றால், இது பிள்ளை வளர்க்கிற இடமா என்று. மருந்தே இல்லாமல் அவள் இந்த வீட்டில் நன்றாக இருந்தால் அதுவே பதில் என்று தோன்றியது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு உங்களிடம் பெருமையாகச் சொல்லலாம் என்று இருந்தேன். அவளும் நன்றாகத்தான் இருந்தாள். ஓடினாள், தூங்கினாள், ஒரு இருமல்கூட இல்லை. ஒவ்வொரு நாளும் உங்களை ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். லேபில் வேலை பார்க்கிறவள், எனக்குத் தெரியாததா என்ற திமிர் வேறு. நம் சண்டையில் அவள் நெஞ்சைப் பணயமாக வைத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அமாவாசை கழிந்த அந்தத் திங்கட்கிழமை நடந்ததை நான் உங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னேன். நீங்கள் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டீர்கள். எட்டு மணிக்குக் கடல் பொங்கி வேலியேற்றத் தண்ணீர் ஓடை வழியாக ஏறித் தெருவை நிறைத்து வாசற்படியைத் தொட்டது. வருடா வருடம் வருகிற தண்ணீர்தானே என்று நான் அரிசி டப்பாவை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். அதிதி வந்து என் சேலையைப் பிடித்தாள். பேச்சு வரவில்லை. கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. நீல மருந்தைக் கொடுத்தேன், மறுபடியும் கொடுத்தேன். உதடு நிறம் மாறியது. ஆட்டோவைக் கூப்பிட்டால் தெருவுக்குள் வர முடியாது என்றார்கள். நான் கத்தின கத்தலில் நவாஸ் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் பஜார் ரோடு வரை ஓடினார். நான் பின்னால். எனக்குப் பின்னால் ஸ்நேஹா, பள்ளிச் சீருடையோடு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது நினைவிருக்கும். தினமும் கொடுக்கிற மருந்தை விடாமல் கொடுக்கிறீர்களா என்று. அதற்குள் நீங்களும் வந்துவிட்டீர்கள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள். கொடுக்கிறேன் என்று சொன்னேன். ஸ்நேஹா என் பக்கத்தில்தான் நின்றாள். அப்போது அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அதைக் கவனித்தும் நான் சொல்லவில்லை. மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே இவ்வளவு மோசமாக வந்திருக்கிறது என்றால் வீட்டையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மருந்தின் அளவையும் கூட்டினார். அதற்குப் பிறகு நீங்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்தே பிள்ளைகள் இருவரையும் பார்த்து வைத்திருந்த காக்கநாட்டு வீட்டுக்குக் கூட்டிப் போனீர்கள். பழி இந்தத் தெருவின் மேல் விழுந்தது. நான் விழவிட்டேன். அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடின மனிதரின் தெரு இது. அவர் முகத்தைப் பார்க்க முடியாதது அதனால்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்தேனே, அதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். ஆறாவது மாடிக் காற்று நன்றாகத்தான் இருக்கிறது. சுவரில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அதிதி கீழே சைக்கிள் ஓட்டிக் காட்டினாள். நான் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன், ஒரு விசில் சத்தம்கூட இல்லை. பெற்றவளுக்கு அந்த இடத்தில் சந்தோஷம்தான் வர வேண்டும். எனக்குப் பொறாமை வந்தது. திரும்பி வரும்போது வாட்ச்மேன் எந்த ஃபிளாட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டுப் பெயரை எழுதச் சொன்னார். விருந்தாளி என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். பஸ்ஸில் அழுதேன். கோவில்பட்டியிலிருந்து மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாமல் வந்தவளை ஆளாக்கினது இந்த மட்டாஞ்சேரி. இங்கே நூறு வீட்டில் என்னைத் தெரியும். அங்கே போனால் நான் யார் என்ற பயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்காக, பள்ளிக்காக, அக்கம்பக்கத்துக்காக என்று உங்களிடம் எத்தனையோ காரணம் சொன்னேன். இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

இன்று காலையில் டாக்டருக்கு போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். எந்தத் தேதியிலிருந்து நிறுத்தினீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். இப்போது கொடுக்கிற அளவிலேயே புதன்கிழமை வரை கொடுங்கள், நாமாக எதையும் குறைக்க வேண்டாம், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். வீடுதான் காரணமா என்று கேட்டேன். மருந்தை நிறுத்தினதுதான் பெரிய காரணமாக இருக்கும், ஈரமும் மிளகாய்த் தூசியும் நல்லதில்லை என்பதும் நிஜம்தான் என்றார். எனக்குச் சாதகமான பாதியை மட்டும் எழுதக் கூடாது என்று இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. ஸ்நேஹாவின் டி.சி. விண்ணப்பத்தில் என் கையெழுத்தைப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வேண்டுமானால் கொடுங்கள், வேண்டாமென்றால் கிழித்துப் போடுங்கள். அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நாம் இரண்டு பேரும் இதுவரை அவளைக் கேட்கவே இல்லை. எங்கே குடியிருப்பது என்பதில் இனி நான் வாதாட மாட்டேன். என் மேல் இருக்கிற கோபத்தை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள். காக்கநாடுதான் என்றால் லேபில் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். நீங்கள் கூப்பிட வேண்டும்.

மருந்து இழுத்து முடித்ததும் அதிதி வாய் கொப்பளிக்க வேண்டும். இல்லையென்றால் வாய் புண்ணாகிவிடும். இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை என்று தெரியும். ஆனாலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். டாக்டர் முன்னால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் காது கேட்க இதையெல்லாம் ஒரு தடவை என் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் இடம் கொடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். என்னைத் திட்ட வேண்டுமானால் அதுவரை பொறுத்து அங்கே திட்டுங்கள், பிள்ளைகள் முன்னால் வேண்டாம்.

ஸ்நேஹா இதை யாரிடமும் சொல்லாமல் பதினொரு நாள் வைத்திருந்திருக்கிறாள். நேற்று ராத்திரியும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள். இதைப் படித்து முடித்ததும் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, அம்மாவே அப்பாவிடம் சொல்லிவிட்டாள் என்று மட்டும் சொல்லுங்கள். பஸ்ஸில் தனியாக வந்ததற்கு அவளை அடித்துவிடாதீர்கள். பிள்ளைகள் இரண்டு பேரும், உங்களோடு, எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பொன்மணி