சர்ஃபும் டர்ஃபும்

அன்பு மகள் காரினுக்கு,

நாங்கள் இருவரும் அடிபடாமல் இருக்கிறோம். இதை முதல் வரியிலேயே எழுதச் சொல்லி அம்மா உத்தரவு. கிளாஸ்கோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேனோ என்று, எழுதப்போவதை வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. டிரெய்லருக்கு நேர்ந்தது.
2. அம்மாவின் நினைவு தடுமாறுவது.
3. நீ செய்ய வேண்டியது.

நியூபோர்ட் ஊரைத் தாண்டும்போதே மூடுபனி இறங்கிவிட்டது. முகாமில் நம் வழக்கமான இடம், கடலை ஒட்டிய கடைசி மேடுதான், கிடைத்தது. மழையில் ஓரம் சரிந்து வேலியும் பாதிதான் மிச்சம் என்று காவலர் எச்சரித்தார், வேறு இடம் கேட்கலாமா என்றேன். "முப்பது வருஷமா நிறுத்துற இடம், இன்னிக்கு மட்டும் உனக்குக் கால் நடுங்குதாக்கும்!" என்று அம்மா சிரித்தாள். நடுங்கத்தான் செய்தது. காரில் கோத்த டிரெய்லர் வீட்டைப் பின்னோக்கித் தள்ளும்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் வால் மறுபக்கம் போகும், இடது வலது என்றால் எனக்குக் குழம்பும் என்றுதானே சின்ன வயதில் நீ எங்களுக்கு அந்தச் சொற்களைக் கொடுத்தாய்? மீனும் மாட்டிறைச்சியும் ஒரே தட்டில் வரும் 'சர்ஃப் அண்ட் டர்ஃப்' என்ற ஓட்டல் சாப்பாட்டின் பெயரை இரண்டாக உடைத்து, வால் கடல் பக்கம் வர 'சர்ஃப்', புல்தரைப் பக்கம் வர 'டர்ஃப்'. இன்றுவரை நாங்கள் வேறு சொல் சொன்னதில்லை.

அம்மா பின்னால் போய் நின்றாள். கண்ணாடியில் அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டு மங்கியது, பிறகு அதுவும் இல்லை, குரல் மட்டும்தான். 'சர்ஃப்' என்றாள், திருப்பினேன். மறுபடி 'சர்ஃப்', இன்னும் உரக்க, இன்னும் திருப்பினேன். அவள் கத்தக் கத்த நான் கீழ்ப்படிந்துகொண்டே போனேன். தடக்கென்று டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்தது, அம்மா தகரத்தில் இரண்டு கையாலும் அறைந்தாள். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே பயந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு சக்கரம் அந்தரத்தில், கீழே பாறையும் அலையும். "டர்ஃப்னு தொண்டை கிழியக் கத்துறேன், நீ பாட்டுக்குக் கடலுக்குள்ள போறியே, லீலண்ட்!" என்றாள். நீ சர்ஃப் என்றுதான் சொன்னாய் என்றேன், மெதுவாக. அவள் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்தது. போன மாதம் தொலைபேசியில் உன்னைத் தன் தங்கை பெயரால் அழைத்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது. முகாமில் பக்கத்து இடத்தில் இருக்கும் டுவேன் என்பவர் தன் பிக்கப் வண்டியில் சங்கிலி மாட்டி எங்களை மேலே இழுத்தார்.

ஆகவே கிறிஸ்துமஸுக்கு வரும்போது, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல் நீ அவளை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். டிரெய்லரை விற்கவும் நீயே சொல். இந்தக் கடற்கரையை விட்டுவிடு என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு, அம்மா கொடுத்த சிப்பி சூப்பை டுவேனிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கேட்டது, "உங்க நாய் கெடச்சிடுச்சா சார்?" எங்களிடம் நாய் இல்லையே என்றேன். "அப்போ டர்ஃப், டர்ஃப்னு அம்மா யாரைக் கூப்பிட்டாங்க? ஜன்னலைச் சாத்திட்டு உக்காந்திருந்த எனக்கே கேட்டுச்சே!"

திரும்பி வந்து, எனக்குப் பின்னால் நின்றுகொண்டு இரண்டில் ஏதாவது ஒன்றைச் சொல் என்று அம்மாவைக் கேட்டேன். மாற்றி மாற்றிச் சொன்னாளாம். எல்லாமே எனக்கு ஒரே சொல்லாகத்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், அதே பயம் அவள் முகத்தில். அது என்னைப் பற்றிய பயம் என்பது அப்போதுதான் புரிந்தது. "கூரையில மழை அடிக்கிறதாவது கேக்குதா?" என்றாள். நின்றுவிட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும்படி வாழ வேண்டும். கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே. ஒன்றைப் போல் மற்றொன்று ஒலிக்காத இரண்டு புதுச் சொற்களை யோசித்து வை. மேலே இரண்டாவதாக நான் எழுதியது தவறு, காரின். மூன்றாவதில் 'அவளை' என்று இருக்குமிடத்தில் 'என்னை' என்று படித்துக்கொள்.

உன் அப்பா,
லீலண்ட் டோர்விக்