அத்திம்பேர் இன்னும் இரண்டாம் பாகம் பார்க்கவில்லை

என் அலமு அக்காவுக்கு,

'கடல்காக்கை' இரண்டாம் பாகம் இன்று மதியம் வரை நம் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது. சொன்னவர் தியேட்டர் மேனேஜர். நேரில் போய்க் கேட்டேன். படம் வந்து இரண்டு வாரமாகிறது. நான் முதல் நாளே பார்த்துவிட்டேன். ஆனால் முடிவு என்ன என்று உனக்குச் சொல்லப் போவதில்லை. காரணம் உன் ஆத்துக்காரர்.

அன்று காலை பழவங்காடி வழியாகப் போனேன். பிள்ளையார் கோவில் முன்னால் கல்லூரிப் பிள்ளைகள் படம் ஜெயிக்க வேண்டுமென்று தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். நீலத் துணியைச் சிறகாகக் கட்டியிருந்த ஒருத்தி, "அவள் மரிச்சிட்டில்ல, நோக்கிக்கோ!" என்றாள். பக்கத்தில் நின்றவன், "கடலில் வீணதல்லே? பின்னெ எங்ஙனே?" என்று மடக்கினான். படத்து நாயகி செத்தாளா பிழைத்தாளா என்று, முதல் பாகம் முடிந்து வலியசாலை ஆத்துக்கு நடந்து வருகிறவரைக்கும் நீயும் அத்திம்பேரும் போட்ட அதே சண்டை. தேங்காய்த் தண்ணீர் வாசனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மேலே ஒரு பருந்து இறக்கையை அசைக்காமல் மிதந்துகொண்டிருந்தது.

பறக்கிற அந்த மீன்காரப் பெண் சங்குமுகம் கடற்கரைக்கு மேலே, சிறகு பற்றி எரிய, கடலில் விழுந்ததோடு முதல் பாகம் இருண்டது. "அவ சாகலை," என்றாய் நீ. "கடல்ல விழுந்தவ எப்படிடீ பொழைப்பா?" என்றார் அவர். "ரெண்டாவது வரட்டும், தெரிஞ்சுப்பேள்," என்றாய். இரண்டாவது வருவதற்குள் நீ போய்விட்டாய்.

தியேட்டரில் பெயர் போட்டதும் பிள்ளைகள் காகிதத் துண்டுகளை அள்ளி வீசினார்கள். புரொஜக்டர் வெளிச்சத்தில் அவை கீழே இறங்க மனமில்லாததுபோல் சுழன்றன. திரை முழுக்க விடியற்காலைக் கடல். அந்த நீலத்தில் எல்லார் முகமும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் தெரிந்தது. பக்கத்து இருக்கைப் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பாதவரைக்கும் நீ அங்கே இருந்தாய். படம் முடிந்ததும் பாதிப் பேர் விசிலடித்தார்கள், பாதிப் பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதை வைத்துக் கணக்குப் போடாதே அக்கா.

நேராக உங்கள் ஆத்துக்குத்தான் போனேன். கர்மா செய்கிறவர் வருஷம் முடியும்வரை சினிமாவுக்குப் போகக்கூடாது. உங்களுக்குப் பிள்ளை இல்லாததால் அத்திம்பேரே கர்த்தா. வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளிருந்து கத்தினார்.

"பார்த்துட்டு வரயா? மூஞ்சியைக் காட்டாதே! பொறம் திரும்பி உக்காரு."

"காப்பி எப்படி அத்திம்பேர் குடிக்கறது?"

"சுவரைப் பார்த்துக் குடி. நாப்பது வருஷம் பேப்பர்ல ரகசியத்தை எல்லாம் ஊருக்குச் சொன்னவன் நீ. உன் புருவம் ஒண்ணு போதும்."

அன்றிலிருந்து நாங்கள் முதுகும் முதுகுமாகத்தான் பேசிக்கொள்கிறோம். காலை நடையை நிறுத்திவிட்டார். அக்ரஹாரத்து வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டார். தெருப் பிள்ளைகள் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பறக்க ஆரம்பித்தால் ஜன்னலைச் சாத்திவிடுகிறார். போன வாரம் மனசு கேட்காமல் வாத்தியாருக்கே போன் பண்ணினார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"வருஷத்துக்குள்ள கூடாது ஓய். ஆனா அப்புறம் விட்டுடாதேயும். நான் பார்த்துட்டேன். கடைசியில அந்தப் பொண்ணு..."

அத்திம்பேர் போனை மெத்தையில் விட்டெறிந்தார். தலையணையை எடுத்து அதன்மேல் அமுக்கினார். இவ்வளவு நாளில் அன்றுதான் அந்த ஆத்தில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும், "போன்லயே வந்துடும் அத்திம்பேர், கொஞ்சம் பொறுத்தா போறும்," என்றேன்.

"அவ பறக்கறதை உள்ளங்கையில வெச்சுப் பார்க்கறதா? உங்கக்கா ஒத்துப்பாளா?" என்றார். பிறகு என் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டது: "திவசத்துக்குப் போனவாளுக்குப் பிடிச்சதைப் பண்ணணும்ங்கறா. வடை, பாயசம் எல்லாம் சமையல்காரர் பண்ணிடுவார். அவளுக்குப் பிடிச்சது இது. நான் போய்ப் பார்த்து அவகிட்ட தோத்துட்டு வரணும்டா."

உன்னிடம் ஒரு தடவையாவது தோற்றிருக்கிறாரா அக்கா, இந்த மனுஷர்? அவர் தோற்பாரா ஜெயிப்பாரா என்று எனக்குத் தெரியும். செய்தி கையில் இருந்தும் கொடுக்காமல் உட்கார்ந்திருப்பது எனக்கு இதுவே முதல் தடவை. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காரை உதிர்ந்த இடம் ஒன்று சிறகு மாதிரி இருக்கிறது. நீ கவனித்ததுண்டா?

வியாழக்கிழமை உன் வருஷாப்தீகம். வெள்ளி காலை சுபம். அதோடு அவருக்குக் கட்டு விடும். சிக்கல் என்னவென்றால், அந்த வெள்ளிக்கிழமைதான் புதுப்படங்கள் வருகின்றன. 'கடல்காக்கை'க்கு ஒரு காட்சியாவது மிஞ்சுமா என்று மேனேஜரைக் கேட்டேன். "புதனாழ்ச்ச வைகிட்டு அறியாம், சேட்டா," என்றார். புதன் சாயங்காலம்தான் முடிவு தெரியும்.

இங்கே எடுத்துவிட்டால் நெய்யாற்றின்கரை, அங்கேயும் இல்லையென்றால் நாகர்கோவில். எங்கே ஓடுகிறதோ அங்கே அவரைக் கூட்டிப்போவேன். அதுவரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. விழுந்தவள் எழுந்தாளா என்பதை வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் வாயாலேயே கேட்டுக்கொள். வெளியூரில் பார்த்தாலும் பஸ்ஸை விட்டு இறங்கி வலியசாலை வரைக்கும் நடந்தேதான் வருவார். நீயும் கூட வா.

புருவத்தை அடக்கி வைத்திருக்கும்
உன் தம்பி