வண்டிகள் போகாத பாதை

முதல் விடுதி
மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்டு எழுதும் நிலையில் நாம் இருவருமே இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் இங்கே தங்கியிருக்கிறான். விடுதிக்கார அம்மா பதிவேட்டைக் காட்டினார். பிப்ரவரி பதினாறு, அவன் கையெழுத்துதான். ஆறு நாளில் திரும்பிவிடுவேன் என்று வீட்டில் சொன்னதையே இவரிடமும் சொல்லியிருக்கிறான்.

“பஸ் டிரைவர்னு சொன்னாரு. சாப்பிட்டுட்டு இருக்கும்போது பக்கத்து வயல்ல தண்ணி மோட்டார் போட்டாங்க. தட்டை அப்படியே வச்சுட்டு எழுந்துட்டாரு” என்றார்.

பாதை ஆற்றங்கரையோடு போகிறது. இரண்டு சைக்கிள் அகலம்தான். கார், பைக் நுழையாதபடி ஒவ்வொரு வாசலிலும் நடுவில் இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் முட்டைக்கோஸ் வயல். வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு சைக்கிளைத் தொடாதவள் நான். உட்காரும் இடமெல்லாம் புண்.

கரை நெடுக போன் எடுக்காது. தினமும் தபால் படகு வருகிறது. அவன் வீட்டு மேஜையில் விட்டுப்போனதாக நீங்கள் போனில் படித்துச் சொன்ன பட்டியலில் அடுத்தது மதகடி விடுதி. அங்கே எழுதுங்கள். போலீஸில் என்ன சொன்னார்கள்?

உங்கள் நாத்தனார்


வீடு
மார்ச் 5

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அவர் கையெழுத்தைப் பார்த்தேன் என்று நீ எழுதிய வரியை மட்டும் பலமுறை படித்தேன்.

போலீஸில், விவரம் தெரிந்த மனுஷன், தானாகப் போனவர் தானாக வருவார் என்கிறார்கள். வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

டெப்போவிலிருந்து விபத்து பற்றிய விசாரணைக் கடிதம் வந்ததை உன்னிடம் சொல்லவில்லை. அவர் மேல் தப்பு இல்லையாம். நின்றிருந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து அந்த அம்மாள் திடீரென்று பஸ்ஸுக்கு முன்னால் ஓடிவந்தாராம். எந்த டிரைவராலும் நிறுத்தியிருக்க முடியாதாம். அவர் கிளம்பிய மறுநாள் வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

சின்னதுக்குப் பல் முளைக்கிறது, காய்ச்சல். அதைத் தோளில் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் செய்கிறேன். நீ இரண்டு வருஷமாக இந்த வீட்டுப் படி ஏறவில்லை. இன்று நீதான் அவரைத் தேடிப் போயிருக்கிறாய். குத்திக்காட்ட எழுதவில்லை. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மதகுகளில் விசாரி. ஆற்றில்... மேலே எழுதக் கை வரவில்லை. நீயே புரிந்துகொள்.

அண்ணி


மதகடி விடுதி
மார்ச் 7

அன்புள்ள அண்ணிக்கு,

விசாரித்தேன். மதகுக்காரர் நிதானமாகப் பதில் சொன்னார். “ஆத்துல எது மிதந்து வந்தாலும் இந்தக் கம்பிவலையில வந்து நிக்கும்மா. மூணு வாரத்துல ஒரு ஆடும் ரெண்டு மரமும்தான் வந்துச்சு.” அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆட்டுக்காக இப்படி அழுறது நீதாம்மா என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

பதினெட்டாம் தேதி அண்ணன் பகல் முழுக்க மதகுக் கட்டையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தானாம். இவருக்குச் சரியாகப் படவில்லை. கையில் கிரீஸ் டப்பாவைக் கொடுத்து, பல்சக்கரத்துக்கெல்லாம் தடவச் சொல்லிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். வேலை செய்துகொண்டே அண்ணன் ஒன்றே ஒன்று சொன்னானாம்: “என் குழந்தையை என் கையில கொடுக்கப் பயப்படறாங்க.”

அண்ணி, போலீஸில் சொன்னதை என்னிடம் சொல்லாதீர்கள். வீட்டில் என்ன நடந்தது?

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் எனக்குப் போன் செய்தான். பெயரைப் பார்த்தேன். பழைய கோபத்தில் அடிக்க விட்டுவிட்டேன். இரண்டாம் முறையும் அடித்தது.

முட்டி வீங்கியிருக்கிறது. ஒன்பதாம் தேதி வரை இங்கேதான் இருப்பேன்.

நாத்தனார்


வீடு
மார்ச் 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து இரண்டு கையையும் நீட்டினார். விபத்துக்குப் பிறகு அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, உனக்குத் தெரியாது. “வேணாம், கீழ போட்டுடுவீங்க” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஒரு உயிர் போனது போதும்” என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் ஈரத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். நாலு நாள் கழித்து, “வண்டியே இல்லாத பாதை ஒண்ணு இருக்காம். சைக்கிள்ல போயிட்டு வந்தா சரியாயிடும்னு தோணுது” என்றார். நானேதான் துணி எடுத்து வைத்தேன். ஆறு நாள் வீடு அமைதியாக இருக்கும் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை யாரிடம் சொல்வேன்?

நீ போன் எடுக்காததற்கு உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அவரைக் கண்டுபிடித்துக் கொடு. அவர் என்னோடு இருக்க வேண்டாம். இருந்தால் போதும்.

அண்ணி


பாதை முடியும் இடம்
மார்ச் 11

அண்ணி,

அண்ணன் உயிரோடு இருக்கிறான்.

இங்கேயும் போன் எடுக்கவில்லை. ஆற்றுப்பாதை இங்கே நெடுஞ்சாலையில் முட்டி நின்றுவிடுகிறது. ரயில் நிலையம் சாலைக்கு அந்தப் பக்கம். அவன் திரும்பும் டிக்கெட்டோடு சரியான தேதிக்கு வந்திருக்கிறான். சாலையோரம் நின்றிருக்கிறான். லாரிகளும் பஸ்களும் விடாமல் போகின்றன. கடக்க முடியவில்லை. மறுநாளும் வந்து நின்றிருக்கிறான், அதற்கு மறுநாளும். வெங்காயம் பயிரிடும் ஒரு கணவனும் மனைவியும் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் கொட்டகையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். வெங்காயம் தரம் பிரிக்கிறான். தாடி வளர்ந்து, பாதி ஆளாகிவிட்டான்.

விசாரணைக் கடிதத்தைச் சொன்னேன். “தப்பு இல்லைன்னு அவங்க எழுதினா அந்தம்மா எழுந்து வரப்போறாங்களா?” என்றான்.

இன்று காலை கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். வெள்ளைக் கோடு வரை வந்தான். அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. என் கையை அவன் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. திரும்ப அழைத்து வந்தேன்.

“என்னைப் பாக்கலைன்னு எழுதிடு குருவி. செத்துட்டேன்னு நெனச்சா ஒரு வருஷத்துல தேறிடுவா” என்றான். சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையோடு என் லீவு முடிகிறது. வந்த பாதையிலேயே திரும்பினாலும் மறுமுனையிலும் பஸ் ஓடும் சாலைதான். விட்டுவிட்டு வரவும் முடியவில்லை, கூட்டிக்கொண்டு வரவும் வழியில்லை. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

நாத்தனார்


வீடு
மார்ச் 12

குருவிக்கு,

தபால்காரர் எதிரிலேயே பிரித்துப் படித்தேன். பாவம், அவர் பயந்து போய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அவரை மறுபடி அந்தச் சாலைக்கு இழுக்காதே. அவர் கடக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் நான் வருகிறேன், குழந்தையோடு. நான் கடந்து வருகிறேன். ஹாரன் சத்தம் கேட்காத தூரத்துக்குத் தள்ளி அவரை உட்கார வை. நான் வருவதை முன்கூட்டிச் சொல்லலாமா கூடாதா என்பதை உன்னிடம் விடுகிறேன். ஓடிவிடுவார் என்று தோன்றினால் சொல்லாதே.

வீட்டுக்கு வாருங்கள் என்று கேட்க மாட்டேன். அந்த வெங்காயக்காரர்கள் எங்களுக்கும் ஒரு மூலை கொடுப்பார்களா என்று கேட்டு வை. எத்தனை நாளைக்கு என்று கேட்டால், தெரியாது என்று சொல்.

இன்னொன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். குழந்தையை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்றுதான் வருகிறேன். ஆனால் எனக்கு இன்னும் பயம் போகவில்லை. கொடுக்கும்போது நீ என் பக்கத்தில் நில்.

அண்ணி