மிளகின் கையில் கொடுத்தனுப்பும் படங்கள்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. உன் கால் தேறி வருகிறதா?

கட்டுப் பிரிக்க இன்னும் இருபது நாள் என்றாய். மாவுக்கட்டுக்குள் அரிக்கிறதே என்று குச்சி விட்டுச் சொறியாதே. நம் பெரியப்பா அப்படித்தான் சொறிந்தார். பாதிக் குச்சி உள்ளேயே முறிந்து, அதை எடுக்க மாவுக்கட்டையே அறுக்க வேண்டியதாகிவிட்டது. அறுக்க வந்தவர் அவருடைய பழைய எதிராளி வேறு. சரி, அந்தக் கதை கிடக்கட்டும்.

படுத்தே கிடக்கிறேன், உலகம் அழிந்த பிறகு நடக்கிற படமாக நாலு சொல்லு அக்கா, உனக்குத்தான் அதெல்லாம் அத்துப்படி என்று கேட்டிருந்தாய். பென்டிரைவில் ஏற்றி உன் மருமகள் மிளகின் கையில் கொடுத்தனுப்புகிறேன். மாமாவிடம் இதைக் கொண்டுபோய்ச் சேர்க்க உன்னை விட்டால் ஆளில்லை என்றேன். பத்து வயதுப் பெருமை, உடனே ஜடை பின்னிக்கொள்ள உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார். உன் வாசலிலேயே கொண்டுவந்து விடுவார். போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ரயில் ஓட்டுகிறவர் படத்தைப் பார். ஊர் ஊராகக் காலி. ஏற ஓர் ஆளில்லை. ஆனாலும் அந்த மனுஷன் சரியான நேரத்துக்கு வண்டியை எடுப்பார், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரண்டு நிமிஷம் நிற்பார். நானும் உன் அத்தானும் ஏழு தடவை பார்த்தோம். ஏழு தடவையும் உன் அத்தான், "எல்லாரும் செத்துட்டாங்க, இவனுக்கு டீசல் யாருடி ஊத்துறது?" என்றுதான் கேட்டார்.

அத்தான் நேற்றுக் காலை வேலைக்குப் போனவர், இன்னும் வரவில்லை. தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற வாயுவைச் சிலிண்டரில் அடைக்கிற ஆலைதானே. ஆறாம் நம்பர் தொட்டியின் வால்வு மக்கர் பண்ணுகிறதாம். பழைய வால்வு, அவர் கைக்குத்தான் படியும். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் நேரில் போய்க் காவல்காரரிடம் விசாரித்தேன். உள்ளே வேலை நடக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் கழுத்தில் முகமூடி தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது ஆட்டுப் படம். ஒரு குடும்பம் நிலவறையில் பதுங்கி, ஈரத்துணியைக் கதவிடுக்கில் திணித்துக்கொண்டு நாளைக் கடத்துகிறது. கூட ஓர் ஆடு. மிளகுக்கு அந்த ஆடு என்றால் உயிர், அவளோடு சேர்ந்து பார். அதைப் பார்த்தபோதுதான் அத்தான் சொன்னார், "இவங்களை நம்பி நீ கீழ பதுங்கிடாத. எங்க தொட்டிக் காத்து கனமானது, பள்ளத்துலதான் வந்து படுக்கும். மேட்டுக்கு ஏறணும்." நம் தெரு எவ்வளவு பள்ளம் என்று உனக்கே தெரியும்.

காலையிலிருந்து பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கிறது. கொடியில் போட்ட துணியெல்லாம் ஆலைக்கு முதுகைக் காட்டி வீட்டுப் பக்கமே பறக்கிறது. தெருவில் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. குற்றம் என்னுடையதுதான். போன மாதம் கொசுப்புகை வண்டி வந்ததைத் தொட்டி வெடித்துவிட்டது என்று நினைத்து, தெருவையே மலைச்சாலைக்கு ஓட்டிவிட்டேன். சலூன்காரர் கடையிலிருந்து ஓர் ஆள் பாதி மீசையோடு ஓடினார். அன்றிலிருந்து இங்கே என் பெயர் பிரளயம். இன்றைக்கும் சலூன்காரர், "பிரளயம் அக்கா, இந்தத் தடவை ரெண்டு பக்கமும் மழிச்சுட்டு ஓடலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மிளகின் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன்.

மிளகோடு நானும் வண்டி ஏறி வந்திருக்கலாமே என்று நீ கேட்பாய். போன தடவை ஆலையில் நடந்தது சின்னக் கசிவுதான். அதற்கே அத்தான் கண்ணைத் திறக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். பின்கட்டுக் குழாயடியில் ஒரு மணி நேரம் நான் கண் கழுவிவிட்டேன். இந்தத் தடவையும் அப்படி வந்தால், கதவு பூட்டியிருக்கக் கூடாது.

மூன்றாவது படத்தை நீ தனியாகப் பார். அதில் ஒரு சிறுமி தினமும் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருப்பாள். நல்ல படம்தான். மிளகு தூங்கிய பிறகு பார். நாலாவதை எழுத நேரமில்லை, தையல்காரம்மா வாசலில் வந்து நிற்கிறார்.

பள்ளிக்கூடக் காகிதம், தடுப்பூசி அட்டை எல்லாம் பையின் அடியில் இருக்கின்றன. எதற்கு என்று அவள் எதிரில் கேட்காதே. நாலைந்து நாளில் நாங்கள் இரண்டு பேரும் வந்து அழைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல். அதற்கு மேல் ஆனாலும் இங்கே தேடி வராதே தம்பி, கால் சரியானாலும் வராதே.

பாலில் சர்க்கரை குறைவாகப் போடு. பயந்துவிட்டால் வாய் திறந்து சொல்ல மாட்டாள், பக்கத்தில் இருப்பவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வாள். அப்போது எழுந்து போய்விடாதே. நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு வரைக்கும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்பு அக்கா